காரணம்: பேட்டரி

சந்தின் அகலம் ஒன்று எழுபத்தெட்டு.
என் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று ஐம்பத்தெட்டு.
மிச்சம், இருபுறமும் அரைச்சாண்கூட இல்லை.
இதற்குள் வண்டி திரும்ப முடியாது, திரும்புவதுமில்லை.
முட்கரம் மட்டும் திரும்பும்,
உடம்பை அசைக்காமல் கழுத்தைத் திருப்பும் ஆந்தை மாதிரி.
இடப்பக்கம் வைக்கும். வலப்பக்கம் எடுக்கும்.

தரைக்கடியில் ஒரு கம்பி ஓடுகிறது.
சந்து முனையில் வண்டி அதன் முணுமுணுப்பைப் பிடித்ததும்
ஸ்டியரிங் என் கையை விட்டுப் போய்விடும்.
முதல் மாதம் அது அவமானமாக இருந்தது,
பதினோரு வருஷ லாரிக்காரி நான்.
இப்போது அந்த ஒரு கணத்துக்காகத்தான்
வேலைக்கே வருகிறேன் என்று சொல்வேன்,
யாராவது கேட்டால்.

பிரேமர்ஹாஃபன். உறைமீன் கிடங்கு. மைனஸ் இருபத்து நான்கு.
ஒரு சந்தில் ஒரு வண்டி.
உள்ளே ஆள் இருந்தால் இன்னொருவர் நுழையக் கூடாது,
கால்நடையாகவும் கூடாது.
ஆகவே வால்டெமார் ரைம்ஹெயை
இரண்டு வருஷமாக எனக்குத் தெரியும்,
பக்கத்துச் சந்தின் வெளிச்சமாக.

பிப்ரவரி. வியாழன். விடிகாலை மூன்றேகால்.
ஏழாம் சந்தில், பதினொன்றரை மீட்டர் உயரத்தில்,
எழுநூறு கிலோ கானாங்கெளுத்தி
பாதி ரேக்கிலும் பாதி என் பொறுப்பிலுமாக இருக்கையில்
வண்டி செத்தது.

திரை போனது. ஹீட்டர் போனது.
வாக்கிடாக்கியில் ஹன்னோ:
"ஸ்வான்ட்யே, இறக்க முடியாது. முட்கரம் உள்ளே மாட்டியிருக்கு,
வால்வைத் திறந்தா எல்லாம் சேர்ந்து வரும்.
மெக்கானிக் கிளம்பிட்டான். கயிற்றைத் தொடாதே."
கயிறு இருக்கைக்குப் பின்னால் சிவப்புப் பையில் இருக்கிறது.
வருஷத்துக்கொரு முறை அதில் இறங்கிக் காட்டுவோம்,
மூன்று மீட்டரிலிருந்து,
கீழே மெத்தை போட்டு, சிரித்துக்கொண்டு.

பிறகு விளக்குகள்.
அசைவிருந்தால்தான் எரியும் ரகம்.
சந்து முனையிலிருந்து ஒவ்வொன்றாக அணைந்து
என்னை நோக்கி வந்தன.
கூண்டுக்குள் இரண்டு கையையும் ஆட்டினேன்.
சென்சார் என்னைக் கணக்கில் எடுக்கவில்லை.

கண்ணாடியில் என் மூச்சே உறைந்தது.
சம்பள அட்டையால் சுரண்டி
ஒரு காசளவு ஓட்டை செய்து வைத்தேன்,
பார்க்க எதுவும் இல்லாத இருட்டுக்கு.

எட்டாம் சந்தில் மோட்டார் சத்தம்.
என் எதிரே, ரேக்கின் அந்தப்புறம்,
யாரோ ஒரு பேலட்டை வெளியே இழுத்தார்கள்.
அது இருந்த இடத்தில் சதுரமாக வெளிச்சம்.
சதுரத்துக்குள் ஒரு நீலக் குல்லா.
குல்லாவுக்குக் கீழே, முதன்முதலாக, ஒரு முகம்.
நினைத்ததைவிட வயதானது.

அவன் கையசைக்கவில்லை.
கூண்டை அரை மீட்டர் ஏற்றினான்.
அரை மீட்டர் இறக்கினான்.
மறுபடி ஏற்றினான்.
எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது:
நின்றால் அவன் விளக்கும் அணைந்துவிடும்.

இருபத்திரண்டு நிமிடம்.
தொண்ணூறு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.
முகம் மேலே போகும், நெஞ்சு தெரியும், பொத்தான் தெரியும்,
முகம் திரும்ப வரும்.
நடுவில் ஒருமுறை கொட்டாவி விட்டான்.
நானும் விட்டேன்.

மெக்கானிக் வந்து முட்கரத்தை உருவினான்.
வால்வு திறந்ததும்
குளியல்தொட்டியில் நீர் இறங்குவதுபோல இறங்கினேன்.
தரையில் கால் பட்டபோது
முழங்கால் யாருடையதோ போலிருந்தது.
ஹன்னோ கம்பளி போர்த்தினான், படிவம் நீட்டினான்.

மறுநாள் சுவரில் பட்டியல்.
ரைம்ஹெ, வண்டி நான்கு, செயலற்ற நேரம் இருபத்திரண்டு நிமிடம்.
திரை அவனிடம் காரணம் கேட்டிருக்கிறது.
இடைவேளை, உடைந்த பேலட், கழிப்பறை, பேட்டரி:
அது ஏற்கும் காரணங்கள் அவ்வளவுதான்.
பேட்டரி என்று அழுத்தியிருக்கிறான்.
அன்றைக்கு அந்த வண்டியில் சார்ஜ் எழுபது சதவீதம்,
அதுவும் அதே பட்டியலில், இரண்டு கட்டம் தள்ளி இருக்கிறது.
யாரும் அவ்வளவு தூரம் படிப்பதில்லை.

அன்றிரவு எட்டாம் சந்தில் எனக்கு வேலை.
உள்ளே அவன் இருந்தான்.
வாசலில் காத்திருந்தேன். சட்டம்.
வெளியே வந்தவன் கண்ணாடியை இறக்கி,
"மேல்தட்டு, பதினாலாவது இடம், ஸ்டிக்கர் தப்பு" என்றான்.
சரி என்றேன்.
கம்பி என் கையிலிருந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டது.
மேலே போய்ப் பார்த்தேன்.
தப்புத்தான்.