மூச்சளவு

இந்த மாசம் அன்பியக் கூட்டம் என் வீட்டில்.
பாய் விரித்தேன். மாதா படத்துக் கண்ணாடியில்
படிந்திருந்த உப்பை முந்தானையால் துடைத்தேன்.
முன்னின்று செபமாலை சொன்னேன்,
எல்லாரும் ஏற்றுச் சொன்னார்கள்.
என் குரல் எனக்கே
பக்கத்து வீட்டு டிவி போலக் கேட்டது.

ஆண்டவரே, கோபித்துக்கொள்ளாதேயும்.
ஒன்றரை வருஷமாக நீர் பேசவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன்.
சாமியார் நல்ல மனுஷன், உள்நாட்டுக்காரர்.
வறட்சி வந்தால் இன்னும் ஆழமாய்
ஊற்று தோண்ட வேண்டும் என்றார்.
மூக்கையூர் மணலில் நாங்கள் தோண்டாத ஊற்றா?
கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு
ஒரு குடம் நிறைய ஒரு மணி நேரம் குந்தியிருந்தவள் நான்.
போன கோடையில் அதுவும் கரித்துப்போச்சு.
இப்போது லாரி வருகிறது, குடத்துக்குக் காசு.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அபராதமாக மூன்று பரலோக மந்திரம் கொடுத்தார்,
வாங்கிக்கொண்டு வந்தேன்.

வெட்கம் என்னவென்றால், காரணம் ஒன்றும் இல்லை.
புயலில் போனவர்கள் என் வீட்டில் இல்லை.
தொம்மை குடியை விட்டு நாலு வருஷம்.
மகள் பரமக்குடியில் நர்சிங் படிக்கிறாள்.
கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு
நீர் மட்டும் எழுந்து போய்விட்டீர்,
பந்தி முடியுமுன்னே கை கழுவிப்போகும்
மாப்பிள்ளை வீட்டார் போல.

கித்தேரி கண்ணை மூடினால் போதும், அழுகிறாள்.
எனக்குப் பொறாமை. அதையும் எழுதிக்கொள்ளும்.

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், நல்ல வற்றம்.
கடல் வற்றினால்தான் எங்களுக்கு வேலை.
கச்சான் இன்னும் எழும்பவில்லை.
விரலுக்குத் துணி சுற்றி, காலில் தகரம் கட்டி,
இடுப்பில் பையோடு முங்கினோம்.

நான் முங்கப் பழகியது பத்து வயசில்.
தண்ணிக்குள் ஏது கடிகாரம்?
எங்கள் மூச்சுக்கு அளவு மங்கள வார்த்தை.
தலை நனையும்போது தொடங்கணும்.
பாறையைத் தொடும்போது பாதி.
பாசியைத் திருகி எடுக்க மீதி.
மரண நேரம் என்ற சொல் வரும்போது
கையில் இருப்பதை விட்டுவிட்டாவது மேலே வந்துவிடணும்.
ஆமென் தண்ணிக்கு வெளியேதான்.

இன்றைக்குக் கீழே
மரிக்கொழுந்துப் பாசி ஒரு திட்டு,
யாரும் கை வைக்காதது.
பறிக்கத் தோன்றவில்லை.
அங்கேயும் ஒரு சத்தமில்லை, கோவிலில் போலவே.
ஆனால் இந்தச் சத்தமின்மை என்னைக் குத்தவில்லை.
இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன என்றிருந்தது.
வேறொன்றும் நினைக்கவில்லை, சத்தியமாய்.

என்னைக் கேட்காமலே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அது,
மனசில்லாமல், அர்த்தமில்லாமல்,
முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில்.
மரண நேரம் வந்தது.
கால் தானாக உதைத்தது.

மேலே வந்து ஆமென் சொன்னேனா,
கெட்ட வார்த்தை சொன்னேனா, நினைவில்லை.
வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கித்தேரி கேட்டாள்:
“என்னடி, இம்புட்டு நேரம்?”
“பாசி நிறைய” என்றேன்.
அவள் என் பையைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசவில்லை.
அடுத்த முங்கலுக்கு
என் பக்கத்திலேயே இறங்கினாள்.
அதற்கடுத்ததற்கும்.

ஆண்டவரே, கணக்குக்காகச் சொல்கிறேன்.
இன்று எண்பது முங்கல், எண்பது மங்கள வார்த்தை.
ஒரு செபமாலைக்கும் மேலே.
ஒன்றிலும் நான் இல்லை.
அளவுக்காகச் சொன்னவை; அளவு மட்டும் தப்பவில்லை.
சேர்த்துக்கொள்வீரோ தள்ளிவிடுவீரோ,
அது உம்முடைய பாடு.

அடுத்த கூட்டம் கித்தேரி வீட்டில்.
பாய் பத்தாது, உன்னுடையதைக் கொண்டுவா என்றாள்.
நாளைக்கு வற்றம் முக்கால் மணி நேரம் தள்ளி.
வருகிறேன்.