வழி: சேலம்

சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம்.
ஐந்து ரோட்டு வெயில் கண்ணாடிக் கதவில்
ஒட்டிக்கொண்டு நின்றது.
காக்கிச் சட்டை, அக்குளில் தோல் பை,
நெஞ்சில் பித்தளை வில்லை:
சடையப்பன், நடத்துநர், ஏற்காடு வண்டி.

"பெர்த்துல இருந்து லண்டன்
எவ்வளவு தூரம்மா?"

சேலத்திலிருந்துதான் எல்லாரும் கேட்பார்கள்.
இவர் கேட்ட இரண்டு ஊரும்
இவர் போகாத ஊர்.

பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர், ஐயா.
நேர் விமானம் இருக்கிறது. பதினேழு மணி நேரம்.

"நடுவுல எங்கயும் நிக்காதா?"
நிக்காதுங்க.
"டீக்குக்கூட?"

கிலோமீட்டரை நம்பி
அவர் ஒரு நாளும் சீட்டுக் கிழித்ததில்லை.
அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி.
காக்கைக்குக் கொஞ்ச நேரம்,
வண்டிக்கு ஒரு மணி நேரம்,
பதினொன்றாவது வளைவில்
யாராவது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால்
இன்னும் ஐந்து நிமிடம்.

யார் போறாங்க, ஐயா?

"யாரும் போகல."
பையின் வாயைத் திறந்து மூடினார்.
"பையன் லோகு பெர்த்துல. பொண்ணு புனிதா லண்டன்ல.
அவங்கம்மா படுத்தப்ப இவன் அனுப்புன பணத்துக்கு
அவ கணக்குக் கேட்டுட்டா.
நாலு வருசம் ஆச்சு.
எங்கிட்ட ரெண்டு பேரும் பேசுறாங்க.
ஞாயித்துக்கிழமை, தனித்தனியா."

ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

மேசைமேல் அழகுக்கு வைத்த உலக உருண்டையை
அவராகவே தன் பக்கம் திருப்பினார்.
கழுத்திலிருந்து விசில் கயிற்றைக் கழற்றி
ஒரு முனையைப் பெர்த்தில் வைத்து
என் விரலை அதன்மேல் வைக்கச் சொன்னார்.
இழுத்துப் பிடித்தார்.
கயிறு இந்துமாக்கடலைத் தாண்டி,
கொழும்பை உரசி, கரையேறி,
அரபிக்கடலில் இறங்கி
எங்கெங்கோ போய் லண்டனைத் தொட்டது.
மிச்சக் கயிற்றில் விசில் ஆடியது.

"அட. நம்ம மேலதாம்மா போவுது."

இல்லைங்க, கோயமுத்தூர் பக்கம்.

"இந்தக் கயித்துத் தடிமனுக்குக்
கோயமுத்தூர் என்ன, சேலம் என்ன."

காற்றைப் பார்த்து விமானம் வழி மாற்றும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் கட்டைவிரல் அதற்குள்
கொங்கு நாட்டையே மூடியிருந்தது.
நகத்தில் சில்லறைக் கறுப்பு.

"மேல போறப்ப ஒரு விசில் குடுத்தா
நிக்குமா?"
சிரித்தார். நானும் சிரித்தேன்,
அவர் நிறுத்திய பிறகும் கொஞ்சம்.

இரண்டே காலுக்கு வண்டி.
கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
பத்து ரூபாயை உருண்டையின் காலடியில் செருகினார்.
விசாரிக்கப் பணம் வாங்குவதில்லை என்றேன்.
"சும்மா ஏறி இறங்குறது எனக்குப் பழக்கமில்லம்மா."

கதவு ஆடி நின்றது.

சாயங்காலம் கணக்கு நோட்டை எடுத்தேன்.
பத்து ரூபாய்.
எந்த வரியில் எழுதுவது?
முதலில் 'இதர வரவு' என்று எழுதி அடித்தேன்.
பிறகு எழுதினேன்:
பெர்த் – லண்டன்.
ஆள் ஒன்று.
வழி சேலம்.