பூட்டுச் சின்னம்

கச்சேரியில் சீட்டுக் குலுக்கியதில்
எங்கள் சுயேச்சைக் குழுவுக்கு விழுந்தது
பூட்டு.
இருபத்தாறு கடையில் பதினேழு சாத்திக் கிடக்கிற
பண்டத்தரிப்புச் சந்தியில் நின்றுகொண்டு
பூட்டுக்குப் போடுங்கோ என்று
எந்த வாயால் கேட்கிறது?

திலக்சன் தன் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டினான்.
முதல் நாளே சலூன் வசீகரன்
சவர நுரைக் கையோடு வாசலுக்கு வந்தான்:
"அக்கா, இஞ்ச பூட்டுக்கு என்ன பஞ்சம்?
திறப்பு இருந்தாக் கொண்டு வாங்கோ."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
இரவு போட்டோக்கொப்பிக் கடையை அடைக்கும்போது
அந்தச் சொல்
வாக்குப்போட்ட விரலின் மை மாதிரி
கழுவக் கழுவ இருந்தது.

விடிந்ததும் வாக்குக் கேட்பதை விட்டேன்.
திறப்புக் கேட்டேன்.

வைத்திலிங்கத்தாரின் சீமெந்துக்கடைத் திறப்பு
மகளிடமாம். மகள் மிசிசாகாவில்.
மகளின் மச்சாள் மாதகலில்.
"நாய் கடிக்கும், உள்ளுக்கு வராதேங்கோ" என்று
மதிலுக்கு மேலால் நீட்டினா ஒரு பிஸ்கற் ரின்.
ஏழு திறப்பு. எது எந்தப் பூட்டுக்கு?
"அது எனக்கெங்க தெரியும், பிள்ளை."

இன்னொருவர் லண்டனிலிருந்து,
இஞ்ச சாமம் இரண்டு மணி, குரல் பதிவு:
"விக்கவும் மாட்டன், வாடகைக்கும் விடமாட்டன்.
சோலைவரி நிலுவை எவ்வளவெண்டு மட்டும்
ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."
பார்த்தேன். சொன்னேன்.
இரண்டு நீலச் சரி.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

தவநாயகத்தின் ஆட்கள்
காபெற் றோட்டும் சிறுவர் பூங்காவும்
சந்தியில் மணிக்கூட்டுக் கோபுரமும் தருவதாகச் சொன்னார்கள்.
நான் சொன்னது கான்.
மீன்சந்தைக்குப் பின்னால் அடைபட்டு,
கார்த்திகை மழைக்குக் கடைப்படி ஏறி வந்து
அரிசி மூட்டையில் வாய் வைக்கிற
அந்த ஒரு கான்.
அதைப் பற்றி இருபது நிமிஷம் கதைத்தேன்.
பதினொரு பேர் கேட்டார்கள்.
அதில் நாலு பேர் பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

வாக்களிப்புக்கு முதல் கிழமை
ஆறாவது திறப்புக்கு அசைந்தது சீமெந்துக்கடை.
உள்ளே பதினாலு மூட்டை,
பை உக்கி உதிர்ந்தும் பையின் வடிவிலேயே
கல்லாய்ப் போன சீமெந்து.
றோட்டோரம் கட்லட் பொரிக்கிற சுகுணா
சுற்றிச் சுற்றிப் பார்த்தா.
"கூரை ஒழுகேல்லை" என்றா. பிறகு
"வாடகை எவ்வளவு கேப்பினம்?"

முப்பத்தெட்டு வாக்கால் தோற்றேன்.
கட்டுப்பணம் தப்பியது, அதுவே பெரிய காரியம் என்றார்
இவர், சோற்றைக் குழைத்தபடி.
நான் ஒன்றும் பேசவில்லை.
இரண்டு நாள் கடை திறக்கவில்லை.
பதினெட்டாவது பூட்டு நானாய் இருந்தேன்.

மூன்றாம் நாள் திறந்ததற்குக் காரணம் வைராக்கியமில்லை,
பள்ளிக்கூடத்துச் சோதனைத்தாள் அடிக்க இருந்தது.

அப்போது பார்த்தேன்.
கல்லான மூட்டைகளை நாலு பெடியளைக் கொண்டு உருட்டி
வாசலில் படியாய் அடுக்கியிருந்தா சுகுணா,
கான் தண்ணி ஏறாத உயரத்துக்கு.
எண்ணெய் காய்கிற மணம்
மூடிய பக்கத்துக் கடைகளிலும் தட்டிப் பார்த்தது.

பின்னேரம் தவநாயகம் வந்தார்.
அடையாள அட்டை, அஞ்சு கொப்பி.
மிஷின் சூடாகும்வரை நிற்க வேண்டியிருந்தது அவருக்கு.
என் பின்சுவரில் வரிசையாய் ஆணி,
ஆணிக்கு ஆணி திறப்பு.
"உதெல்லாம் என்ன தங்கச்சி?"
"உங்கட வட்டாரம்" என்றேன்.

கிட்ட வந்து பார்த்தார்.
"ஒண்டிலயும் பேர் எழுதேல்லையே."
"எனக்குத் தெரியும்.
மழைக்கு முதல் கானைத் திறந்துபோட்டு வாங்கோ,
ஒவ்வொண்டாச் சொல்லித் தாறன்.
கொப்பி நூறு ரூபா."

அவர் ஆயிரத்தை நீட்டினார்.
மாத்தின காசு இல்லை என்றேன்,
சுகுணாவின் கடையைக் காட்டி:
"அங்க ஏதும் வாங்கி மாத்துங்கோ.
படி பார்த்து ஏறுங்கோ."