மூன்று மணிக்கு ஐஸ்

கையெழுத்துக்கு முன் டாக்டர் படையாச்சி
எதையும் மறைக்கவில்லை.
முதுகின் இரண்டு கணுக்களுக்கு நடுவே
நூல் கனத்தில் ஒரு குழாய்.
ரத்த அழுத்தம் இறங்கலாம். உடம்பெல்லாம் அரிக்கலாம்.
சிறுநீர் வர மறுக்கலாம்.
சிலருக்கு மருந்து ஒரு பக்கம் மட்டும் போகும்,
மறுபக்கம் கத்தியை மறக்காது.
பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்:
பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு
உள்ளே ரத்தம் கட்டிக் கால் போய்விடலாம்.
அந்த ஒருவன் ஜேக்கப்ஸ் மரக்கிடங்கில் வேலை பார்ப்பவனாக
இருக்க மாட்டான் என்று போட்டுவிட்டேன்.

வலது நுரையீரலில் ஒரு துண்டைக் கழித்தார்கள்.
விழித்தபோது மார்பு
யாரோ வைத்துவிட்டுப் போன பொட்டலம்.
ஜன்னலில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே
இடம் கிடைக்காத கப்பல்கள், விளக்கோடு.

மணிக்கொரு தரம் நர்ஸ் தண்டேகா
கையுறைக்குள் ஐஸ் போட்டு எடுத்து வருவாள்.
தோளில் சில்லென்றது.
மார்பில் ஒன்றுமில்லை.
தொப்புளுக்குக் கீழே மறுபடி சில்.
என் தோலில் பேனாவால் எல்லை கீறுவாள்.
"காலை ஆட்டுங்க, மிஸ்டர் சிகாமணி."

இரண்டு மணிக்கு இடதுகால் ஆடவில்லை.
அவள் பம்பின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தாள்.
"ஆடுதா?"
"ஆடுது."

பம்பை நிறுத்திவிடுவாளே.
பக்கத்துக் கட்டில்காரருக்குக் குழாய் பிடிக்கவில்லை,
சாயங்காலம் முழுக்கத் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு
ஒவ்வொரு இருமலுக்கும் குட்டிநாய் போல முனகினார்.
கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தேன்.

முப்பத்தோரு வருஷம் பலகை தூக்கியவன்.
மரத்துப் போச்சு, மரத்துப் போச்சு என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.
இப்போது தொடைவரை மரம்.
தட்டினால் பைன் சத்தம் வரும் போலிருந்தது.

மூன்று மணிக்கு அவள் கேட்கவில்லை.
போர்வையை விலக்கி, நின்று, பார்த்தாள்.
கட்டைவிரலைக் கெஞ்சினேன்.

பம்பு நின்றது.
போனில் யாரையோ எழுப்பினாள், ஸ்கேன் என்றாள்.
"எப்போதிலிருந்து?"
கட்டிய ரத்தத்துக்கு மணிக்கணக்கு உண்டு.
"இரண்டிலிருந்து."
அவள் பேனா நின்றது.
பிறகு இரண்டு மணிக் கட்டத்தை அடித்துத் திருத்தியது.

லிஃப்ட் வாசலில் காத்திருந்தபோது
விலாவுக்குள் ரம்பம் ஓடத் தொடங்கியது.
கால் இன்னும் வரவில்லை.
அவள் குனிந்து பாதத்தில் ஐஸை வைத்தாள்.
"கொஞ்சம் சில்லென்றிருக்கு" என்றேன்.
அவள் நம்பவில்லை.
நானும்தான்.
மறுபடி வைத்தாள்.