எஸ்டேட், தொண்ணூற்றாறு மாடல்

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் விலைக்கு வருகிறது என்றார்கள்.
காப்பியா மிளகா, எத்தனை ஏக்கர் என்று கேட்டேன்.
நாலு சக்கரம் என்றார்கள்.

செம்மடுவு தாண்டி
சில்வர் ஓக் நிழலில் நின்றிருந்தது,
டாடா எஸ்டேட், டி.என். இருபத்தேழு.
சேலம் ஜில்லாவில் இன்னும் எத்தனை ஓடுகிறது என்று
விரல் மடக்கினேன்.
சுண்டுவிரலிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

அபூர்வம் என்ற சொல்லுக்கு
என் தொழிலில் இரண்டு விலை.
கிடைக்காத கார் என்றால் ஏறும்.
கிடைக்காத கிளட்ச் பிளேட் என்றால் இறங்கும்.
இரண்டும் ஒரே வண்டியில் இருப்பதுதான் சங்கடம்.

பலாப்பழம் பார்க்கிற மாதிரி தட்டிக்கொண்டே சுற்றினேன்.
இடது கதவு டங் என்றது, தகரம்.
வலது பின்பக்கம் பொத் என்றது,
உள்ளே இரண்டு மில்லி பட்டி.
சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்து வைத்தேன்,
ஒட்டாமல் என் செருப்பின் மேல் விழுந்தது.

பிரேக் மிதியில் ரப்பர் வரிகள் இன்னும் இருந்தன.
கிளட்ச் மிதியில்
இரும்பே தேய்ந்து பளபளத்தது.
கியரில் பிடித்து மலை இறங்குகிற கால் இது.
ஓட்டியவர் யாரானாலும் பதறாதவர்.

பின்கதவைத் திறந்தேன்.
டீசல் வாடை வரும் என்று மூச்சை அடக்கியிருந்தேன்.
வந்தது ஈஸ்ட் வாசனை.
விளிம்பு ரப்பரின் இடுக்கில்
மாவு கெட்டித்து, எறும்புக்கு ஒரு பாதை.

மீட்டரில் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
நான் சிரிக்கவில்லை.
கொண்டலாம்பட்டியில் ஒரு காலத்தில்
ஊசியும் ஸ்க்ரூ டிரைவரும் வைத்து
எத்தனை மீட்டரை இளமைக்குத் திருப்பியவன் நான்.

"நாலு தடவை சுத்திருச்சுங்க"
என்றார் லூர்துமேரி.
"தாள்ல முழுசா எழுதுங்க."

முழுசாக எழுதினால் விலை விழும் என்றேன்.

"விழட்டும்.
குறைச்சு எழுதினா
அதுல எந்த வருஷம் நான் ஓட்டலைன்னு எழுதுவீங்க?"

குறைக்கச் சொன்னவர்களைத்தான்
இத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.
பேனா மூடியைக் கடித்தபடி நின்றேன்.

விடியுமுன் சேலத்து பேக்கரியில் ரொட்டி ஏற்றி
ஹாஸ்டல் மணி அடிப்பதற்குள் மலைமேல் இறக்கி,
போக வர அறுபத்திரண்டு கிலோமீட்டர்,
வருஷத்துக்கு முந்நூறு நாள்,
இருபத்திரண்டு வருஷம்.
பானெட் மேல் தாளை வைத்துப் பெருக்கினேன்.
மீதி, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனதாக இருக்கும்.
சரியாகத்தான் வந்தது.

கொண்டை ஊசி வளைவுகளையும் பெருக்கிப் பார்த்தேன்,
அதை யாரும் கேட்கவில்லை.
ஏற இருபது, இறங்க இருபது.
இரண்டு லட்சத்து அறுபத்து நாலாயிரம்.
இதை எழுத என் படிவத்தில் கட்டம் இல்லை.

சீலநாயக்கன்பட்டி காயலான் கடையில்
எடைக்கு நாற்பதாயிரம் தருவார்கள்.
கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டர்
இதே மாடலுக்காக இரண்டு வருஷமாய் அலைகிறார்.
இந்த இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது
நான் சொல்ல வேண்டிய எண்.

ஓட்டிப் பார்க்க இறங்கினேன்.
மூன்றாவது வளைவில் எதிரே பஸ்.
என் கால் பிரேக்குக்குத் தாவுமுன்
பக்கத்து சீட்டிலிருந்து அவர் கை நீண்டு
இரண்டாவது கியருக்குத் தள்ளிவிட்டுத் திரும்பியது.
நான் எப்போது கிளட்சை மிதித்தேன்
என்பதே எனக்கு நினைவில்லை.
"பழக்கம்" என்றார், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அடிவாரத்தில் நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டேன்.
எவ்வளவு ஓடியிருக்கு?
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
மறுமுனையில் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.
மீட்டர் மாத்தினதா?
இல்லை.
மறுபடியும் லாரி.
"சரி, பின்னாடி வைப்பர் வேலை செய்யுதா?"

லூர்துமேரியைப் பார்த்தேன்.
அவர் ஏற்கெனவே சுவிட்சைத் தட்டிவிட்டிருந்தார்.
பின்கண்ணாடியின் வறண்ட புழுதியில்
கீச் என்று முனகி
ஒரு அரைவட்டம் போய்
நின்றது.
பிறகு திரும்பி வந்தது.