பதினொரு பை கம்பளி

இடப்பக்கப் பையில் எப்போதும் இருக்கும்:
டயர் நெம்பும் கம்பி இரண்டு,
கைப்பம்பு,
ஒட்டுத் துண்டுகள், உரசும் தகடு,
ஒரு குப்பி பசை,
உபரி ட்யூப் ஒன்று,
வாங்கின அன்று சுருட்டியது சுருட்டியபடி.
மூன்று கிலோ இருநூறு.
நிறுத்துப் பார்த்திருக்கிறேன்,
தராசுதானே என் பிழைப்பு.

வலப்பக்கப் பையில் கம்பளி.
பண்ணை பண்ணையாய்ப் போய்
கத்தரித்த ரோமத்தில் இருநூறு கிராம் அள்ளி
பெயர் எழுதி, தேதி எழுதி
பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கிற வேலை.
இத்தனை மைக்ரான் என்று அவர்கள் சொன்னால்தான்
இங்கே விலை.

நாற்பதாம் நெடுஞ்சாலை
பெயரளவில்தான் நெடுஞ்சாலை. எல்லாம் கூழாங்கல்.
படகோனியாக் காற்றுக்கு
நேரான ரோட்டிலும்
வளைவில் திரும்புகிறவள் போலச்
சாய்ந்தே போக வேண்டும்.

முன்சக்கரம் தள்ளாடியது.
இறங்கிப் பார்த்தால், எலும்பு.
ஒட்டகத்துக்குத் தம்பியான குவானாக்கோ ஒன்று
எந்தக் குளிரில் செத்ததோ,
அதன் விலாச் சில்லு
ஊசியாய் ஏறியிருந்தது.

பதறவில்லை. பைதான் இருக்கிறதே.
மாத்தே ஒரு குவளை உறிஞ்சிவிட்டுச்
சாவகாசமாய்ப் பிரித்தேன்.

ஆறு வருடம் ஒரே பைக்குள் படுக்கை.
குலுங்கிக் குலுங்கிக்
கம்பியின் முனை ட்யூபைத் தின்றிருந்தது.
விரித்தால்
வரிசையாய் நாலு ஓட்டை,
காகிதத்தை மடித்துக் கத்தரித்த குழந்தை வேலைபோல.

சரி, பசை.
மூடிக்குள் சீல்கூட உடையவில்லை.
குத்திப் பிதுக்கினேன்,
பெருமூச்சு வந்தது.
இன்னும் பிதுக்கினேன்.
பட்டாணி அளவில் ஒரு மஞ்சள் கட்டி.

பம்பு மட்டும் நன்றாய் வேலை செய்தது.
அடிக்க அடிக்க
இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் போனது.
தொப்பியைப் பிடுங்கிப் போகிற இந்த ஊரில்
ஒரு சக்கரத்துக்குள் நிற்க
ஒரு பிடி காற்று கிடையாது.

அவசரத்துக்கு டயரில் புல் அடைக்கலாம்,
லாரிக்காரர்கள் சொல்வதுண்டு.
புல்லுக்கு எங்கே போக?
ஒரு விரல் உயரம், அதிலும் பாதி முள்.
வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.
வலப்பக்கப் பையைப் பார்த்தேன்.
பார்க்காதவள்போல் இருந்தேன்.
மறுபடி பார்த்தேன்.

முதலில் போனவர் டோன் எவரிஸ்டோ.
ஒரு வாய் தண்ணீர் கேட்காமல்
கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவைத்து
ரோமம் தந்தவர்.
அப்புறம் பாரியா சகோதரர்கள், அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை,
உள்ளே ஒன்றாய் அமுக்கினேன்.
என் கழுத்துத் துணி. ஒரு கையுறை.
கடைசிப் பை
ஒர்ஃபெலியா மான்சீயாவுடையது.
போன பனியில் பாதி மந்தை போனவள்.
மிச்ச ஆடுகளின் ரோமம்
விரலில் நிற்காது.
பாதியை எடுத்தேன்.
பாதியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தொரு கிலோமீட்டர்,
மணிக்குப் பதினைந்து.
முன்னால் ஏதோ கிடா நடப்பதுபோல்
பொத்துப் பொத்தென்று போனது வண்டி.

டயர் கடை செலெடோனியோ
போர்வையோடு எழுந்து வந்தான்.
நெம்பிப் பிரித்து, கையை விட்டு இழுத்தான்.
வந்தது.
இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது,
கறுத்து, கதகதவென்று, முறுக்கேறி.
விளக்கில் பிடித்துப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
“இந்த ஆடு எத்தனை மைக்ரான்?”

பத்துப் பண்ணைக்கும் திரும்பப் போனேன்.
எவரிஸ்டோ கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார்.
முதல் பை என்ன ஆயிற்று என்றார்.
டயரில் போயிற்று என்றேன்.
இன்னும் கொஞ்சம் சேர்த்தே தந்தார்,
முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

இப்போது ட்யூப் பழைய காலுறைக்குள் தனியாய்த் தூங்குகிறது.
பசை இரண்டு குப்பி,
கம்பளிப் பைக்கு எழுதுவதுபோலவே
மேலே தேதி.
மூன்று கிலோ நானூற்றைம்பது.
நெம்புகம்பியின் வளைவில்
ஒரு இழை ஒட்டிக் கிடக்கிறது,
யார் வீட்டு ஆடோ.