மூன்றாம் எண்

கடலூர்த் துறைமுகத்தில் நேற்று மாலை
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினோம்.
கயிறு ஈரம். கப்பி கிறீச்சிட்டது.
வில்வநாதன் இழுத்தான்,
நான் பதிவேட்டில் எழுதினேன்: ஐந்து ஐம்பது.

அதே நேரம் புதுச்சேரியில் மூன்று.
காரைக்காலில் மூன்று, நாகையில் மூன்று.
இதில் வியக்க ஒன்றுமில்லை.
சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி,
எல்லாத் துறைக்கும் ஒரே குரல்,
நேற்று அந்தக் குரலுக்குச் சளி.

இரவு அமலோற்பவி அழைத்தாள், காலாப்பட்டிலிருந்து.
முதுகலையில் பக்கத்து இருக்கை.
அவள் கணக்கோடு தங்கிவிட்டாள்,
நான் தேர்வெழுதி இங்கே வந்துவிட்டேன்.
"மறுபடி வந்துடுச்சுடி."
எது என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பட்டியல்தான்.
முடிவில்லாமல் நீளும் இரு குடும்பங்கள்,
பிறகு எந்தக் குடும்பத்திலும் சேராத மூன்றே பேர்:
ஆறு, ஏழு, எட்டு.
ஒன்பது கிடையாது.

சீர்த்திண்மங்களை உருட்டிப் பார்த்தவர்களுக்கு அது கிடைத்தது.
பரப்பு ஒரு புள்ளியில் கூராகும் வழிகளை
எண்ணியவர்களுக்கும் அதுவே.
அம்புகளால் கோத்த படங்களில் எவை அடங்கும்,
எவை அடங்காது என்று கேட்டவர்கள்
பக்கம் பக்கமாக அழித்துவிட்டுப் பார்த்தால்
மிஞ்சியது அது.
இப்போது இவளும், வேறெதையோ தேடி,
ராத்திரி பதினொன்றே காலுக்கு.

பழைய ரயில் சீட்டின் பின்னால்
எங்கள் துறைமுகச் சந்திப்பை வரைந்தேன்.
மூன்று கிளை. நடுவில் ஆறு.
வடக்கே திருப்பாதிரிப்புலியூர்: மூன்று.
தெற்கே ஆலப்பாக்கம் நான்கு, புதுச்சத்திரம் இரண்டு.
மேற்கே
குறிஞ்சிப்பாடி ஐந்து, வடலூர் நான்கு,
நெய்வேலி மூன்று, ஊத்தங்கால் இரண்டு,
விருத்தாசலம் ஒன்று.
எந்த ஊரை இரட்டித்தாலும்
பக்கத்து ஊர்களின் கூட்டுத்தொகை.
ஒரு பைசா மிச்சமில்லை, கடனுமில்லை.

விருத்தாசலத்தை வெட்டு:
எட்டு நிலையங்கள், கடைசி ஆள்.
மாறாக, அதற்கப்பால் இன்னொரு ஊரைச் சேர்,
கணக்கு கட்டறுத்துக்கொண்டு ஓடும்.

எல்லா நிரூபணமும்
கடைசியில் இந்தச் சீட்டில் வந்துதான் இறங்குகிறது.
அது தெரியும்.
ஏன் இந்தச் சீட்டு என்பதுதான் தெரியாது.
சில இடங்களில் பாலம் கட்டியிருக்கிறார்கள்,
கெடிலத்துக்கு மேல் போல.
பாலம் கடக்க உதவும்.
இரு கரையிலும் ஏன் ஒரே ஊர் என்று
பாலத்தைக் கேட்டால்?

டீயை நீட்டிக்கொண்டே வில்வநாதன் கேட்டான்:
"அவங்களுக்கெல்லாம் யாரு போன் பண்ணாங்க?"
அமலோற்பவிக்கு அது கேட்டுவிட்டது.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

எனக்கு மாலை நினைவுக்கு வந்தது.
நாங்கள் கயிற்றைத் தொடுவதற்கு முன்பே
சிங்காரத்தோப்பில் படகுகளை
மேட்டுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள்.
வைத்திக்குப்பத்திலும் அப்படித்தான் என்றாள் அவள்,
மதியமே, மொட்டைமாடியிலிருந்து பார்த்தாளாம்.
யாரும் யாரையும் அழைக்கவில்லை.
தண்ணீரின் நிறம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

"சரி, இங்கே தாழ்வழுத்தம் ஒன்று
வங்கக் கடலில் உட்கார்ந்திருக்கிறது.
எங்களுக்கு அது எங்கே?"

மழை தகரத்தில் விழத் தொடங்கியது.
இருவரும் போனை வைக்காமல்
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்,
அவள் பக்கத்து மழையை நான்,
என் பக்கத்து மழையை அவள்.

காலை ஆறு இருபதுக்கு
இறக்கச் சொன்னார்கள். இறக்கினோம்.
பதிவேட்டுக்குள் சீட்டு நனைந்து ஒட்டியிருந்தது.
விருத்தாசலம் மட்டும் கரைந்துபோய்.